மானோவா மழையும் பதினாறு பிட் காவலும்

மானோவா பள்ளத்தாக்கில் மழையும் வெயிலும் ஒரே நேரத்தில் இறங்குகின்றன. கூலாவு மலைத்தொடரின் முகட்டில் மேகம் எந்நேரமும் படுத்துக் கிடக்கிறது. அதிலிருந்து பிரிந்து வரும் தூறல் ஹவாய் பல்கலைக்கழக வளாகத்தை நனைத்துவிட்டுக் கடல் பக்கம் நகர்ந்துவிடுகிறது. அங்கே யாரும் குடை விரிப்பதில்லை. மாணவர்கள் நனைந்துகொண்டே நடக்கிறார்கள். அடுத்த கட்டடத்தை எட்டுவதற்குள் சட்டை காய்ந்துவிடுகிறது. தலையைத் தூக்கினால் மலைக்குக் குறுக்கே வானவில் நிற்கிறது. நம் ஊர்ச் சாலையோரங்களில் நிற்கும் தூங்குமூஞ்சி மரங்கள் இங்கே 'மங்கிபாட்' என்ற பெயரில், மூன்று மடங்கு அகலத்தில், புல்வெளி முழுக்க நிழல் பரப்பியிருக்கின்றன. பசிபிக் கடலின் நடுவில், கலிஃபோர்னியாவிலிருந்து ஏறத்தாழ 3,800 கிலோமீட்டர் தள்ளி, தெரிந்த மரத்தின் அடியில் உட்காரும்போது வரும் நிம்மதியே தனி.

ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் வேலை செய்கிறவன் நான். ஓர் அறையில் சர்வர்கள், இன்னோர் அறையில் டிஸ்க்குகள், நடுவே கேபிளும் சுவிட்சும். அந்த வழியில் போகும் எட்டுக் கோடி பிட்டில் ஒன்றுகூடப் புரளாமல் இருக்க வேண்டும்; புரண்டால் அது உடனே தெரிய வேண்டும். என் தொழிலின் சாரம் அவ்வளவுதான். இந்தத் தொழிலின் இரண்டு வேர்கள் ஓவாஹு தீவின் இந்த ஒரே வளாகத்தில் இருக்கின்றன என்று தெரிந்த நாளிலிருந்து இங்கே வர ஏங்கியிருந்தேன். ஒரு வேர், 1971 ஜூனில் இங்கிருந்து ஒலிபரப்பத் தொடங்கிய அலோஹாநெட். இன்னொன்று, பிழை கண்டுபிடிக்கும் கணிதத்தை உலகத்துக்குத் தந்துவிட்டு 1964-இல் இங்கே வந்து, கடைசிவரை இங்கேயே பாடம் நடத்திய வெஸ்லி பீட்டர்சன்.

அன்றைய நிலைமையை இந்த மண்ணில் நின்று பார்த்தால்தான் புரிகிறது. பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் வெவ்வேறு தீவுகளில் சிதறிக் கிடந்தன. பெரிய கம்ப்யூட்டர் மானோவாவில் மட்டும். ஐபிஎம் 360 வரிசையில் ஒன்று. தீவுக்கும் தீவுக்கும் நடுவே கடல், ஒரே தீவுக்குள் பார்த்தாலும் செங்குத்தான மலை. தொலைபேசிக் கம்பி வாடகையும் அதிகம், தரமும் குறைவு. நார்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியர் இந்த ஊருக்கு வந்ததில் கடல் அலைக்கும் பங்கு உண்டு; அலைச்சறுக்கில் அவருக்கு அவ்வளவு பிரியம். கம்பியை விட்டுவிட்டு ரேடியோவைப் பிடிப்போம் என்று அவரும் ஃபிராங்க் குவோ முதலிய கூட்டாளிகளும் முடிவு செய்தார்கள்.

ரேடியோ வைத்ததைவிட, அதில் யார் எப்போது பேசலாம் என்பதற்கு அவர்கள் சொன்ன விடைதான் பெரிய துணிச்சல். யாரும் எப்போதும் பேசலாம். முறை கிடையாது, அனுமதி கேட்க வேண்டியதில்லை. எல்லா டெர்மினல்களும் 407.350 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் அனுப்பும். மானோவாவில் இருக்கும் சிறு கம்ப்யூட்டர் கேட்டுக்கொண்டிருக்கும். சரியாக வந்ததென்றால் 413.475 மெகாஹெர்ட்ஸில் 'கிடைத்தது' என்று பதில் சொல்லும். அந்தச் சிறு கம்ப்யூட்டருக்கு மெனெஹூனே என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரே இரவில் மீன்குளங்களையும் கால்வாய்களையும் கட்டி முடித்துவிட்டு விடிவதற்குள் மறைந்துவிடும் குள்ளர்கள் என்று ஹவாய்க் கதைகள் சொல்லும் கூட்டம் அது. காவாயி தீவில் அவர்கள் கட்டியதாகச் சொல்லும் குளம் இன்றும் இருக்கிறது.

இரண்டு டெர்மினல்கள் ஒரே நொடியில் பேசினால்? இரண்டு அலையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். இந்த இடத்தில்தான் எனக்கு மெய்சிலிர்த்தது. மோதல் நடந்ததா என்று பார்க்கத் தனிக் கருவி எதுவும் அந்த அமைப்பில் இல்லை. வந்து சேர்ந்த செய்திப் பொட்டலத்தின், அதாவது பாக்கெட்டின், சோதனை எண் பொருந்தவில்லை, அவ்வளவுதான். மெனெஹூனே அதை வாய்திறக்காமல் கீழே போட்டுவிடும். பதில் வராத டெர்மினல், மனம்போன ஒரு நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பும். பிழையைக் கண்டுபிடிக்கும் அந்தச் சில பிட்டுகள்தான் அந்த வலையமைப்பின் காது. அவை இல்லாவிட்டால், குழம்பிப்போன இரண்டு பேச்சு ஒரு பேச்சாக உள்ளே போயிருக்கும்; யாரும் எப்போதும் பேசலாம் என்ற அந்த அழகான சுதந்திரமே சாத்தியமில்லை. பின்னால் வந்த ஈதர்நெட்டும், இன்று வீட்டு மூலையில் சிமிட்டும் வைஃபையும் அந்தச் சுதந்திரத்தின் பிள்ளைகள். ஈதர்நெட்டை உருவாக்கிய பாப் மெட்காஃப் அலோஹாவைப் படித்துத்தான் தன் கணக்கைத் தொடங்கினார்.

அந்தப் பாக்கெட்டைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். முதலில் 32 பிட் தலைப்பு: யார் அனுப்புவது, எத்தனை எழுத்து வருகிறது என்பன போன்ற குறிப்புகள். அதன் பின்னாலேயே 16 பிட் சோதனை எண், தலைப்புக்கு மட்டும். பிறகு 80 எழுத்து வரை செய்தி. அதன் பின்னால் இன்னொரு 16 பிட் சோதனை எண், செய்திக்கு மட்டும். முழுப் பாக்கெட் 704 பிட். நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் அனுப்பி முடிக்க 73 மில்லிநொடி.

இரண்டு காவல் எதற்கு? கடைசியில் ஒரே காவலாக 32 பிட் போட்டுவிட்டால் இன்னும் பலமாயிற்றே? சர்வரையும் டிஸ்க்கையும் நெட்வொர்க் வழியாகப் பேசவைக்க நான் தினமும் கையாளும் ஐஸ்கஸி நெறிமுறையிலும் இதே இரட்டைக் காவல்தான். 48 பைட் தலைப்பான ஹெடருக்குத் தனியாக ஹெடர் டைஜெஸ்ட், பின்னால் வரும் தரவுக்குத் தனியாக டேட்டா டைஜெஸ்ட். அதன் முதல் வரைமுறை 2004-இல் வெளியானது, அலோஹாநெட்டுக்கு முப்பத்து மூன்று வருடம் கழித்து. ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதப்பட்டது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு பேரும் ஒரே சுவரில் முட்டியிருக்கிறார்கள் என்பதுதான் என் எண்ணம். எவ்வளவு நீளம் என்று சொல்லும் எண் ஹெடருக்குள் இருக்கிறது. அந்த எண்ணே புரண்டுவிட்டால், செய்தி எங்கே முடிகிறது என்பதே தெரியாது. எங்கே முடிகிறது என்று தெரியாதபோது, அங்கே வைத்த சோதனை எண்ணை எங்கே போய்த் தேடுவது?

ஐஸ்கஸியில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. அது, இணையத்தில் தரவை ஏற்றிச் செல்லும் டிசிபி நெறிமுறையின் மேல் சவாரி செய்கிறது. டிசிபிக்கு எல்லை என்பதே கிடையாது; பைட்டுக்குப் பின் பைட்டாக ஓடும் ஒரே நீரோட்டம். புள்ளியும் இடைவெளியும் இல்லாத பழைய ஓலைச்சுவடியைப் படிக்கிற நிலைமைதான். ஓரிடத்தில் தப்பாகப் பிரித்துவிட்டால் அடுத்த வரியும் அதற்கடுத்த வரியும் தப்பாகவே பிரியும். 8,192 பைட் வருகிறது என்று ஹெடரில் எழுதியிருக்கிறது என்று வையுங்கள். அதில் ஒரே ஒரு பிட் புரண்டு 12,288 ஆகிறது. வாங்குகிறவன் 4,096 பைட் அதிகமாக விழுங்குவான். அடுத்த கட்டளையின் ஹெடர் அவன் கண்ணுக்குத் தரவாகத் தெரியும். அதன் பிறகு வரும் ஏதோ ஒரு தரவின் நடுப்பகுதியைக் கட்டளை என்று நினைத்துப் படிப்பான். டிஸ்க்கில் எழுதச் சொல்லும் கட்டளையாக அது தற்செயலாக அமைந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கவே வயிறு கலங்குகிறது.

ஆகவேதான் டேட்டா டைஜெஸ்ட் தவறினால், அந்தத் துண்டை மட்டும் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. ஹெடர் டைஜெஸ்ட் தவறினாலோ பெரும்பாலும் இணைப்பையே அறுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியிருக்கிறது. முதல் வரைமுறையில் இதற்கு மாற்றாக ஒரு யோசனை இருந்தது. நீரோட்டத்தில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு மைல்கல் நட்டு, அடுத்த ஹெடர் இங்கிருந்து இத்தனை பைட்டில் என்று அதில் எழுதிவைப்பது. வழி தவறியவன் அடுத்த மைல்கல்லைப் பிடித்துத் திரும்பி வந்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த யோசனை. ஆனால் அதைச் செய்துகாட்டியவர்கள் குறைவு. 2014-இல் திருத்திய வரைமுறையில் மைல்கற்களைப் பிடுங்கிவிட்டார்கள். அந்த முடிவில் எனக்கு இன்றும் வருத்தம் உண்டு.

சர்வரையும் டிஸ்க்கையும் இணைக்கும் இன்னொரு வழியான ஃபைபர் சேனலின் கட்சி வேறு. அது எல்லைக் குறியைக் கம்பியின் மட்டத்திலேயே நட்டுவிடுகிறது. அதன் முதல் சில தலைமுறைகளில் ஒவ்வொரு 8 பிட்டும் 10 பிட்டாக மாற்றித்தான் அனுப்பப்பட்டது. 10 பிட்டில் 1,024 கோலங்கள் உண்டு; தரவுக்கு அவை எல்லாமே தேவைப்படுவதில்லை. மிச்சமிருப்பவற்றில் சிலவற்றைக் கட்டுப்பாட்டுக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். தரவில் எந்தக் காலத்திலும் தோன்ற முடியாத அந்தக் கோலம் வந்தால், அங்கே ஒரு எல்லை இருக்கிறது என்று அர்த்தம். ஃபிரேம் தொடக்கத்துக்கு ஒரு குறி, 24 பைட் ஹெடர், அதிகபட்சம் 2,112 பைட் தரவு, சிஆர்சி என்ற 4 பைட் சோதனை எண், முடிவுக்கு ஒரு குறி. நீளத்தை யாரும் நம்ப வேண்டியதில்லை, முடிவுக் குறி கண்ணெதிரே வந்து நிற்கும். இந்த ஒரு சௌகரியத்துக்காகவே பழைய ஆட்கள் ஃபைபர் சேனலை விடாமல் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

பீட்டர்சன் விஷயத்துக்கு வருகிறேன். 1961 ஜனவரியில் அவரும் பிரவுன் என்பவரும் எழுதிய கட்டுரைதான் சிஆர்சிக்கு அடித்தளம். அதற்கு முந்தைய வருடமே, நம் வங்காளத்துக் கணிதர்கள் ராஜ் சந்திர போஸும் ரே-சௌத்ரியும், அவர்களுக்குத் தெரியாமலே பிரான்சில் ஹோக்கங்கமும் கண்டுபிடித்திருந்த குறிமுறைகளில் பிழையைத் திருத்தும் வழியை பீட்டர்சன் கண்டு சொல்லியிருந்தார். 1999-இல் ஜப்பான் பரிசு அவருக்குக் கிடைத்தது. அவர் நடந்த புல்வெளி இதுதான் என்று நினைத்தபோது, தூங்குமூஞ்சி மரத்தடியில் நோட்டை எடுத்து அவருடைய வகுத்தலைக் கையால் போட்டுப் பார்க்கத் தோன்றியது.

அது பள்ளிக்கூட நெடுவகுத்தல்தான். கழிக்கும்போது கடன் வாங்குவது மட்டும் இல்லை. ஒத்த பிட்டுகள் கழிந்தால் 0, ஒவ்வாதவை 1. செய்தி 1101 என்று வைத்துக்கொண்டேன். வகுக்கும் எண் 1011. செய்தியின் பின்னால் மூன்று சுழியம் சேர்த்தால் 1101000. முதல் நான்கில் 1011-ஐக் கழித்தால் 0110. அடுத்த சுழியத்தை இறக்கினால் 1100. மறுபடி கழித்தால் 0111, இறக்கினால் 1110. கழித்தால் 0101, இறக்கினால் 1010. கழித்தால் 0001. மீதி 001. சுழியங்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மீதியை வைத்தால் 1101001. அனுப்ப வேண்டியது இதுதான். வாங்குகிறவன் இதை 1011-ஆல் வகுத்தால் மீதமே வராது. வழியில் இரண்டாவது பிட் புரண்டு 1001001 என்று போய்ச் சேர்ந்தது என்று வைத்து, மறுபடி வகுத்தேன். மீதி 111. பிடிபட்டது. நோட்டில் ஒரு தூறல் விழுந்து மை கலங்கியது. அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

இந்தச் சின்னக் கணக்கில் இருக்கும் பலம் சாதாரணக் கூட்டலில் இல்லை. டிசிபியின் சோதனை எண்ணான செக்சம் வெறும் கூட்டல். 16 பிட் எண்களாகப் பிரித்து ஒன்றோடொன்று கூட்டிவிடுவது. 4,137-உம் 2,086-உம் கூடினால் 6,223; இடம் மாறி 2,086-உம் 4,137-உம் என்று வந்தாலும் 6,223 தான். இரண்டு துண்டு இடம் மாறியதைக் கூட்டலால் பார்க்கவே முடியாது. வகுத்தலில் இடத்துக்கு மதிப்பு உண்டு, ஆகவே மீதி மாறிவிடும். அதோடு, 16 பிட் சிஆர்சி, தொடர்ந்து 16 பிட் வரை அடுத்தடுத்துக் கெட்டுப்போனால் அதைத் தவறவே விடாது. ரேடியோ இரைச்சலும் கீறல் விழுந்த டிஸ்க்கும் பிட்டுகளை இப்படிக் கொத்தாகத்தான் கெடுக்கின்றன.

கூட்டலை நம்பி ஏமாந்த இடத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஒரு நிறுவனத்தின் தரவுதளத்தில் சில பக்கங்கள் படிக்கும்போதே கெட்டிருந்தன. டிஸ்க்கில் கோளாறு இல்லை, கேபிளில் இல்லை, எந்தப் பிழை எண்ணிக்கையும் ஏறவில்லை. தேடித் தேடி, நடுவிலிருந்த ஒரு சுவிட்சின் நினைவகத்துக்கு வந்து சேர்ந்தோம். ஃபிரேம் உள்ளே வரும்போது ஈதர்நெட் சிஆர்சி சரியாக இருக்கிறது. சுவிட்ச் அதைச் சரிபார்த்துக் கழற்றிவிடுகிறது. நினைவகத்தில் காத்திருக்கும்போது தரவு கெடுகிறது. வெளியே போகும்போது, கெட்ட தரவுக்குப் புத்தம்புது சிஆர்சி போட்டு அனுப்புகிறது. டிசிபியின் கூட்டல் பெரும்பாலானவற்றைப் பிடித்தது. பிடிக்காத சில டிஸ்க்வரை போய்விட்டன. வேகம் குறையும் என்று டேட்டா டைஜெஸ்டை அணைத்து வைத்திருந்தார்கள். ஜொனாதன் ஸ்டோனும் கிரெய்க் பார்ட்ரிட்ஜும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு இதே நிலைமையை அளந்திருக்கிறது: உண்மையான வலையமைப்புகளில், ஒவ்வொரு இணைப்பிலும் சிஆர்சி சரியாக இருந்தும், 1,100 பாக்கெட்டுக்கு ஒன்றிலிருந்து 32,000 பாக்கெட்டுக்கு ஒன்றுவரை டிசிபி செக்சத்தில் தவறின. ஐஸ்கஸிக்காரர்கள் அதற்கு மேலே சொந்தக் காவல் வேண்டும் என்று நின்றதன் நியாயம் அந்த எண்களில் இருக்கிறது. அவர்கள் தேர்ந்தெடுத்த வகுக்கும் எண் காஸ்டஞோலி என்பவரும் கூட்டாளிகளும் 1993-இல் தேடிக் கண்டுபிடித்தது. அதைக் கணக்கிடவென்றே 2008-இலிருந்து இன்டெல் சிப்புகளுக்குள் தனி ஆணை இருக்கிறது. இன்று டேட்டா டைஜெஸ்டை அணைக்க வேகம் ஒரு சாக்கே இல்லை.

வளாகத்திலிருந்து அடுத்து நான் போனது மேற்குக் கரைக்கு. கடல் ஒலியை ஆராயும் தூத்துக்குடிக்காரத் தம்பி ஒருவர் காரில் அழைத்துப் போனார். ஹொனலூலுவின் பசுமை போகப் போகத் தேய்ந்து, வையானே மலையின் மறைவில் புல் பழுப்பாகிறது. சாலையோரத்தில் கியாவே மரங்கள், பார்ப்பதற்கு நம் ஊர்ச் சீமைக்கருவேலமே தான், நெருங்கிய சொந்தக்காரர்கள். மகாஹா கடற்கரையில் அலை பனைமர உயரத்துக்கு எழும்பி, நீலத்திலிருந்து வெள்ளையாகி, மணலை அதிர வைக்கிறது. அந்த மணலுக்கு அடியில் கடலடிக் கேபிள்கள் கரையேறுகின்றன. அவற்றில் ஒன்று ஓய்வுபெற்ற பழைய தொலைபேசிக் கேபிள். அதைப் பல்கலைக்கழகம் பெற்று, ஓவாஹுவுக்கு வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில், 4,728 மீட்டர் ஆழத்தில், 2011 முதல் ஒரு ஆய்வு நிலையத்தை அதன் நுனியில் கட்டியிருக்கிறது. அந்த நிலையத்துக்கும் அலோஹா என்றே பெயர். வெளிச்சமே எட்டாத அந்த ஆழத்திலிருந்து நீரின் வெப்பமும் உப்பும் ஓட்டமும் ஒலியும் இந்தக் கரைக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

தம்பி மடிக்கணினியில் ஒலியைப் போட்டுக் காட்டினார். முதலில் தாழ்ந்த உறுமல், எங்கோ தூரத்துக் கப்பல். அதன் மேல் நீண்டு வளைந்து இறங்கும் குரல், திமிங்கிலம். குளிர்காலத்தில் அலாஸ்கா பக்கமிருந்து கூனல் திமிங்கிலங்கள் கன்று ஈன இங்கே வருகின்றன. நான் அவரிடம் அலோஹாநெட் கதையை, பிழை வந்தால் மறுபடி அனுப்பும் அந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டவர் சொன்னார்: "அண்ணே, உங்க டிஸ்க்ல தப்பு வந்தா சர்வர்கிட்ட திருப்பிக் கேக்கலாம். திமிங்கிலத்துக்கிட்ட யாருண்ணே போய் இன்னொருவாட்டி பாடுன்னு சொல்றது?"

அந்தக் கேள்வி என்னை உலுக்கிவிட்டது. பிழை கண்டுபிடிப்பு என்று நாங்கள் சொல்வதெல்லாம், மூலம் எங்கோ பத்திரமாக இருக்கிறது, திருப்பிக் கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. கடலிடமும் வானத்திடமும் அது நடக்காது. அங்கே சோதனை எண்ணின் வேலையே மாறிவிடுகிறது. பிறந்த இடத்துக்கு எவ்வளவு பக்கத்தில் காவல் தொடங்குகிறதோ அவ்வளவுக்குத்தான் நம்பகம். அதற்கு முன்னால் கெட்டதைக் கெட்டதாகவே சரி என்று முத்திரை குத்தி, பத்திரமாகக் கொண்டு சேர்ப்போம்.

வானத்திடம் கேட்கிறவர்களைப் பார்க்க, 'பெரிய தீவு' எனப்படும் ஹவாய் தீவுக்குப் பறந்தேன். ஹீலோவிலிருந்து மௌனா கேயா மலைக்கு ஏறும் சாலையில் இரண்டு மணி நேரத்துக்குள் காலநிலைகள் ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. முதலில் மர உயரப் பெரணிகள், பிறகு ஓஹியா மரங்கள் முளைத்த கரிய எரிமலைக் குழம்புப் பாறை, பிறகு வெறும் சிவந்த சாம்பல் மேடுகள். 2,800 மீட்டரில் எல்லோரையும் நிறுத்திவைக்கிறார்கள், உடம்பு காற்றுக்குப் பழக வேண்டும். அங்கிருந்து மேலே நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டிக்குத்தான் அனுமதி. உச்சி கடல்மட்டத்துக்கு மேல் 4,200 மீட்டரைத் தாண்டி நிற்கிறது. மேகங்கள் காலுக்குக் கீழே கடல்போல் விரிந்திருந்தன. பேச வாயைத் திறந்தால் பாதி வாக்கியத்தில் மூச்சு தீர்ந்துவிடுகிறது.

இந்த மலை ஹவாய் மக்களுக்குப் புனிதமானது. முப்பது மீட்டர் தொலைநோக்கி ஒன்றை இங்கே கட்டக் கூடாது என்று 2015-லும் 2019-லும் மக்கள் சாலையை மறித்தார்கள்; இரண்டாவது முறை முதியவர்கள் சாலையில் அமர்ந்தார்கள். இந்தியாவும் அந்தத் திட்டத்தில் ஒரு பங்காளி. உச்சியில் நின்றபோது அவர்கள் ஏன் அமர்ந்தார்கள் என்பதை உடம்பே புரிந்துகொண்டது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

ஜப்பானின் சுபாரு தொலைநோக்கி இங்கே நிற்கிறது. கண்ணாடியின் விட்டம் 8.2 மீட்டர், அதன் பெரிய கேமராவில் 87 கோடி புள்ளிகள். ஆண்ட்ரோமெடாவிலிருந்து 25 லட்சம் வருடம் பயணம் செய்த ஒளித்துகள் அந்த சிலிக்கான் சில்லில் விழுந்து, ஒரு எண்ணாகி, மலையிறங்கி, கடலைக் கடந்து ஜப்பானின் மிடாகாவுக்குப் போகிறது. 25 லட்சம் வருடம் கெடாமல் வந்தது, கடைசிச் சில நொடியில், நம் கையில் கெட்டால்?

அதற்கு வாய்ப்பு இந்த உயரத்தில் அதிகம் என்பதுதான் விசித்திரம். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் காற்றில் மோதி நியூட்ரான்களைச் சிதறடிக்கின்றன. கீழே இறங்க இறங்க காற்று அவற்றை வடிகட்டிவிடும். இங்கே காற்று மெலிவு; நியூட்ரான் மழை கடற்கரையைவிடப் பல மடங்கு. அது நினைவகச் சில்லில் விழுந்தால் ஒரு பிட் புரளும். ஸைலிங்க்ஸ் நிறுவனம் தன் சில்லுகளைச் சோதிக்கத் தேர்ந்தெடுத்த இடங்களில் இந்த மலையும் ஒன்று. கண்ணுக்குத் தெரியாத அந்த மழை என் சட்டைப் பையிலிருந்த போனையும் துளைத்துப் போய்க்கொண்டிருந்தது.

ஹீலோவுக்கு இறங்கி வந்து, பொது ஆவணக் காப்பகம் ஒன்றிலிருந்து ஒரு வானியல் படத்தை இறக்கினேன். வானியலாளர்கள் ஃபிட்ஸ் என்ற வடிவத்தில்தான் சேமிக்கிறார்கள். திறந்து பார்த்தபோது எல்லைகள் கல்லில் வெட்டியதுபோல் கிடந்தன. கோப்பு முழுவதும் 2,880 பைட் தொகுதிகள். ஹெடர் தொகுதி ஒவ்வொன்றிலும் 36 வரி, வரிக்கு 80 எழுத்து. துளையட்டைக் காலத்து 80. ஹெடரின் எல்லையைத் தேட நீளத்தை நம்ப வேண்டியதில்லை. 2,880-இன் மடங்குகளில் மட்டும்தான் எதுவும் தொடங்க முடியும், ஹெடரின் முடிவை ஒரு வரி சொல்லிவிடுகிறது. அந்தக் கோப்பின் ஹெடரில் இரண்டு வரிகள் இருந்தன. ஒன்று தரவுக்கு மட்டுமான கூட்டுத்தொகை. இன்னொன்று ஹெடரையும் தரவையும் சேர்த்து. முழுவதையும் கூட்டினால் 32 பிட்டும் ஒன்றாகவே வரும்படி அந்த எண்ணைப் பொருத்தியிருக்கிறார்கள். இங்கே பிரித்ததற்குக் காரணம் வேறு. ஹெடரில் பின்னால் வருகிறவர்கள் குறிப்பு சேர்ப்பார்கள், திருத்துவார்கள், அது மாறலாம். படம் மாறக் கூடாது. முதல் வரி, எத்தனை பேர் கைமாறினாலும் படம் அதே படம்தான் என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

ஆனால் இதுவும் கூட்டல்தான், வகுத்தல் இல்லை. 32 பிட் துண்டுகள் இரண்டு இடம் மாறினால் இதற்குத் தெரியாது. கோப்பின் பிரதி ஒன்றை எடுத்து, நடுவில் ஒரு நட்சத்திரத்தின் ஓரத்தில் அப்படி இரண்டு துண்டை இடம் மாற்றிச் சோதித்தேன், சரியென்றது. அதே பிரதியில் காஸ்டஞோலியின் எண்ணால் வகுத்தேன். மீதி வேறாக வந்தது. அன்று மாலையே தம்பிக்குப் போன் போட்டு, ஆழ்கடல் நிலையத்திலிருந்து வரும் ஒலி எந்த இடத்தில் முதல் சோதனை எண்ணை வாங்குகிறது, நீருக்கு அடியிலா, மகாஹா கரையிலா, பல்கலைக்கழகத்து டிஸ்க்கிலா என்று கேட்டேன். "விசாரிச்சுச் சொல்றேன்ணே, நானும் இதுவரைக்கும் அதைக் கேட்டதில்லை" என்றார். கேட்கும்போது, அது கூட்டலா வகுத்தலா என்பதையும் சேர்த்துக் கேட்கச் சொன்னேன்.